ஆயா தேடிப்போன ஜன்னல்

குருசுக்குப்பத்தில் அந்த வீட்டு முன்னறையில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ மாட்டியிருக்கும். பனி மூடிய தரை, மூன்று மாடிக் கட்டடம். ஒரு ஜன்னல் மேல் மட்டும் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. 'இதுதான் என் ரூம்' என்று 1974-ல் ஆயாவுக்கு அவர் கணவர் போட்டு அனுப்பியது.

அவர் ஒரு 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. தேர்ந்தெடுத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ராணுவம் அவரை ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகருக்கு அனுப்பியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1992 வரை அங்கே பிரெஞ்சுப் படை இருந்தது.

"நீயும் வா" என்று எழுதினார். இடுப்பில் கைக்குழந்தை, படுக்கையில் மாமியார். ஆயாவால் போக முடியவில்லை. "அப்புறம் ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த 'அப்புறம்' வருவதற்குள், நான்கு வருடங்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார்.

போன கோடையில், 72 வயதில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆயா போனபோது, கைப்பையில் அந்த போட்டோவும் போனது.

ஒரு சனிக்கிழமை காலை, புளியோதரை கட்டிக்கொண்டு காரில் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ரைன் நதிப் பாலம். அந்தக் கரையில் கேல். ஜெர்மனி வந்துவிட்டது! ஆயா பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அன்று யாரும் நிறுத்தவில்லை. சோப்பு, ஷாம்பு மலிவு என்று ஸ்ட்ராஸ்பூர்க்காரர்கள் இங்கே வருவார்கள் என்றான் மகன். "தமிழ்நாட்டுக்காரங்க நம்ம ஊருக்குப் பெட்ரோல் போட வர்ற மாதிரி" என்றார் ஆயா.

அடுத்து கெங்கன்பாக். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், கல் பாவிய தெருக்கள். அந்த ஊர் நகரமன்றக் கட்டடத்தின் 24 ஜன்னல்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரை தினம் ஒன்றாகத் திறக்கப்படுமாம். பேரன் ஜன்னல்களை எண்ணினான். ஆயா போட்டோவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மதியம் ஃப்ரைபுர்க். 116 மீட்டர் உயரக் கோபுரத்தோடு மூன்ஸ்டர் தேவாலயம். 1944 நவம்பர் 27 விமானத் தாக்குதலில் சுற்றியிருந்த வீடுகள் தரைமட்டமாகியும் கோபுரம் தப்பித்தது. அதைப் பார்த்தபடி ஆயா புளியோதரை சாப்பிட்டார். பேரனுக்கு அந்தச் சந்தையின் நீளமான சாசேஜ்.

தெரு ஓரமெல்லாம் 'பெக்லே' எனும் குட்டி வாய்க்கால்கள். தவறி அதில் கால் வைத்தால் ஃப்ரைபுர்க்காரரைத்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. "நான் ரெண்டு வருஷமும் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன்" என்று அவர் ஆயாவைச் சீண்டுவாராம்.

கடைசியாக, நகரின் தெற்கே வோபான். படை போன பிறகு அந்த முகாம் குடியிருப்பாகிவிட்டது. கூரைகளில் சோலார் தகடுகள், கார் குறைந்த தெருக்கள், நடுவே டிராம். சில பழைய படைவீடுகளில் இப்போது மாணவர்கள் தங்குகிறார்கள்.

மகன் போட்டோவை ஒவ்வொரு கட்டடத்தோடும் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே மாதிரி. புதுப் பெயின்ட், சுவரில் கொடி, வாசலில் சைக்கிள்கள். "இதுவா இருக்கும்மா... இல்ல, அதுவா?" அவனுக்கு முகம் வாடிவிட்டது.

தரைத்தளத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை. அவ்வளவுதான். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எதுவா இருந்தா என்னடா? நாலு எட்டு வைக்க இடம் இல்ல. இங்க பனியில ஒத்தையா இருந்திருக்காரு. வெளிநாட்டுல சொகுசா இருக்காருன்னு நெனச்சி எத்தினி லெட்டர்ல சண்டை போட்டிருக்கேன்."

சாயந்திரம் காருக்குத் திரும்பும்போது பேரன் வாய்க்காலில் கால் வைத்துவிட்டான். "போச்சு, உனக்குப் பொண்ணு இந்த ஊர்லதான்!" என்று ஆயா சிரித்தார்.

இப்போது குருசுக்குப்பம் வீட்டில் அந்த போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கலர் போட்டோ. அதே மாதிரி கட்டடம், முன்னால் ஆயாவும் பேரனும். எந்த ஜன்னலிலும் குறி இல்லை.