வீரகேரளம்புதூர்

சாரல் காலம் வந்துவிட்டால் நம்மவர்கள் குற்றாலத்துக்குப் பிரயாணமாவது வழக்கம். அருவியில் நீராடுகிறோம், தென்காசிக் கோபுரத்தைத் தரிசிக்கிறோம், ஊர் திரும்புகிறோம். நம் தலையில் விழுந்த தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அது சிற்றாறாகக் கிழக்கே ஓடி, வழியில் அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த அனுமன் நதி வந்து சேருமிடத்தை அடுத்த ஊரே வீரகேரளம்புதூர்.

மலைக்கு அப்பாலுள்ள சேர தேசத்தின் நினைவு ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அவ்வளவு நீண்ட பெயரைச் சொல்ல அவகாசமில்லாத இக்காலத்தார் அதை 'வீ.கே.புதூர்' என்று சுருக்கிவிட்டார்கள்!

இவ்வூரின் பெருமை தண்ணீரால் மட்டும் வந்ததன்று. ஊற்றுமலை ஜமீன்தார்கள் இங்கேதான் அரண்மனை அமைத்து வாழ்ந்தார்கள். அவர்கள் போற்றிய நவநீதகிருஷ்ணன் கோயிலும் இங்கே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜமீன்தாராயிருந்த இருதயாலய மருதப்பத் தேவர் தமிழ்ச் சுவையில் திளைத்தவர், புலவர்களை ஆதரித்தவர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் என்ற இளைஞர் அவருடைய சமஸ்தானப் புலவரானார். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்போரின் நடைக்கு இசைய அவர் பாடியதே காவடிச் சிந்து. இளம் வயதிலேயே, 1891 இல் அவர் காலமானார். உ. வே. சாமிநாதையரும் இந்த ஜமீன்தாரின் தமிழன்பைத் தம் 'என் சரித்திர'த்தில் போற்றி எழுதியிருக்கிறார்.

ஜமீன் முறையை 1948 ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. அது நியாயமே, உழுகிறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே வரி தண்ட வேறொருவர் எதற்கு? இன்று இவ்வூர் ஒரு தாலுகாவின் தலைமை ஸ்தலம். 2019 இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அரண்மனை வாசலில் காத்திருந்த ஜனங்கள் இன்று தாலுகா ஆபீஸ் வாசலில் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் காத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த அரண்மனை செய்த வேறொரு காரியமும் உண்டு. வயிற்றுக் கவலையின்றி ஒரு புலவன் பாடுவதற்கு அது இடம் கொடுத்தது. அந்தக் காரியத்துக்குச் சட்டம் வேறு யாரையும் நியமிக்கவில்லை. ஜமீன்கள் போனபின் அந்தப் பொறுப்பு ஜனங்களாகிய நம்மைச் சேர்ந்தது. அதை நாம் மறந்தால் நஷ்டம் ஜமீனுக்கு அல்ல, தமிழுக்கு.

நிலம் கைமாறியது, அதிகாரம் கைமாறியது, சிந்து மட்டும் காவடி எடுப்போர் வாயில் இன்னும் வாழ்கிறது. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும் குடும்பத்தார் அரைநாள் கிழக்கே வந்து, சிற்றாற்றங்கரையில் நின்று, அதில் ஒன்றைத் தங்கள் குழந்தைகளுக்குப் பாடிக் காட்டுவார்களாக!