போகாத அழைப்பு

உங்கள் வீட்டில் வயதான உம்மாவோ மாமியோ தனியே இருக்கிறார்களா? கள்வன் வந்தாலோ, உடம்புக்கு ஏதும் நேர்ந்தாலோ தானாகவே டெலிபோன் எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அலாரம் பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நான் கிதாபு ஓதிக் கொடுப்பவன். மின்சார வேலை தெரிந்தவனல்லன். ஆனாலும் பட்டவன் சொல்ல வேண்டுமல்லவா?

2016இல் வாப்பா மௌத்தானார்கள். உம்மா அக்குறணை வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்கள். நான் மாத்தளையில் கற்பிக்கிறேன். ராத்தா இருப்பது கொழும்பில். மனம் கேட்காமல் ஓர் அலாரம் பெட்டி வாங்கிப் பூட்டினேன். கதவுகளுக்குக் காந்தச் சுவிச்சுகள், உம்மாவின் கழுத்தில் தொங்கவிட ஒரு சிறு பொத்தான். அதை அமத்தினால் பெட்டி முதலில் என் இலக்கத்துக்கும், பிறகு ராத்தாவின் இலக்கத்துக்கும் அழைத்து, நான் பதிந்து வைத்த குரலில் செய்தி சொல்லும். பூட்டிய அன்று பரீட்சித்தோம். என் குரலையே நான் கேட்டுச் சிரித்தேன்.

2023இல் பேரப்பிள்ளைகள் வந்தால் படிக்க உதவும் என்று அந்த வீட்டுக்கு பைபர் இணைப்பு எடுத்தோம். வந்தவர்கள் ரவுட்டரைப் பூட்டி, கோர்ட்லஸ் டெலிபோனை அதன் பின்னால் செருகி, "போன் வேலை செய்யுது, பாருங்க" என்றார்கள். பழைய இலக்கமே வந்தது. நானும் சந்தோஷமாகக் கையொப்பமிட்டேன். அலாரம் பெட்டியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகல் முழு நாட்டுக்கும் மின்சாரம் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நான் அஹதிய்யா வகுப்பில் இருந்தேன். ஜன்னலில்லாத குளியலறையில் திடீரென்று இருட்டாகிவிட, உம்மா வழுக்கி விழுந்தார்கள். பொத்தானை அமத்தினார்கள். என் கைபேசி அடிக்கவேயில்லை.

"உங்கட வீட்டிலயும் கரண்ட் இல்லையா?" என்று கேட்க வந்த பக்கத்து வீட்டு மாமிதான் முனகல் சத்தம் கேட்டு உள்ளே போனார். அதற்குள் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடந்திருந்தது. மணிக்கட்டு முறிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

மறுநாள் ராத்தாவின் மகன் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். மின்சார வேலை படித்த பிள்ளை.

"மாமா, இந்த வயர்ல உயிரே இல்ல. பெட்டி இன்னும் பழைய செப்புக் கம்பியிலதான் நிக்குது. லைன் ரவுட்டருக்கு மாறி ரெண்டு வருஷமாகுது."

அப்படியானால் அந்தப் பெட்டி இரண்டு வருஷமாக ஊமை!

அவன் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பழைய செப்புக் கம்பியில் பேச்சோடு சேர்த்து ஏறக்குறைய 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். அங்கே பெரிய பட்டரிகள் உண்டு. அதனால்தான் ஊரே இருண்டாலும் அந்நாளில் டெலிபோன் பேசியது. பைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வருவது வெளிச்சம்; மின்சாரம் வராது. அந்த வெளிச்சத்தை டெலிபோன் லைனாக மாற்றுவது வீட்டிலிருக்கும் ரவுட்டர். வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், டெலிபோனும் போகும். அலாரம் பெட்டிக்குள் பட்டரி இருந்து பயனில்லை. வாய் இருக்கும், வழி இராது.

அவன் செய்த வேலை இதுதான். வெளியிலிருந்து வரும் பழைய கம்பியை வீட்டு வயரிலிருந்து முற்றாகப் பிரித்தான். ரவுட்டரின் டெலிபோன் துவாரத்திலிருந்து ஒரு வயரை முதலில் அலாரம் பெட்டிக்குக் கொண்டுபோனான். பெட்டியிலிருந்துதான் கோர்ட்லஸ் டெலிபோனுக்கு லைன் கொடுத்தான். இந்த ஒழுங்கு முக்கியம். டெலிபோனை யாராவது எடுத்து வைத்திருந்தாலும், ஆபத்து வந்தால் பெட்டி அதை வெட்டிவிட்டு லைனைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். பிறகு ரவுட்டருக்கு ஒரு சிறிய பட்டரி யூ.பி.எஸ். பூட்டினான். ரவுட்டரின் வோல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டுமாம்.

"இது சில மணித்தியாலம்தான் தாங்கும் மாமா. 2022இல போல 13 மணித்தியாலம் வெட்டினா போதாது" என்று, சிம் போட்டு இயங்கும் இன்னொரு டயலரையும் சேர்த்தான். சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு மாமியிடமும் கொடுத்தோம்.

இன்னொன்றும் சொன்னான். சில பெட்டிகள் குரலில் பேசாமல், காவல் கம்பனிக்கு ஒலிக் குறியீடுகளாகச் செய்தி அனுப்பும். இணைய வழி டெலிபோனில் குரலைச் சுருக்கி அனுப்பினால் அக்குறியீடுகள் சிதைந்துபோகலாம். அத்தகைய பெட்டி உள்ளவர்கள் லைன் மாறும்போது அந்தக் கம்பனிக்கு அறிவித்து, செய்தி சரியாகப் போய்ச் சேருகிறதா என்று அவர்களோடு சேர்ந்தே பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, "உம்மா, இப்ப அமத்துங்க" என்றேன். என் கைபேசி அடித்தது. உம்மா அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்:

"போன நோன்புல ஒரு ராவும் அமத்தினேன் மகன். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்திச்சு. நீங்க எடுக்கல்ல. களைச்சுத் தூங்கியிருப்பீங்க எண்டு நினைச்சேன்."

சகோதரிகளே, அந்த வார்த்தைக்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. மௌனமாயிருந்தது பெட்டி. ஆனால் மகன்தான் மௌனமாயிருக்கிறான் என்று எண்ணி, அதையும் மன்னித்து, ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என் உம்மா.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி, ஜும்ஆ முடிந்து அக்குறணை போகிறேன். மெயின் சுவிச்சை அணைக்கிறேன். உம்மா பொத்தானை அமத்துகிறார்கள். என் கைபேசி அடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

உங்கள் வீட்டில் லைன் மாறியிருந்தால், இன்றைக்கே ஒருமுறை அமத்திப் பாருங்கள்.