ஆயாவின் கொழும்பு

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டு வானொலிக்கு உரிமம் தாத்தா பெயரில். திருகும் கையும் அவருடையதுதான். செய்தி முடிந்ததும் அணைத்துவிடுவார். அவர் கழனிக்குப் போன பிறகே ஆயாவுக்குக் கொழும்பு. 1952இல் அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்ட, அது இலங்கை வானொலியில் குடியேறியது. அந்த நிலையம் எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். 1957இல் விவித்பாரதி வந்தும் ஆயா கொழும்பை விடவில்லை.

பிற்பாடு, பாட்டைவிட அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலுக்காகவே காத்திருந்தாளாம். "ஒரு பொம்பள தன் பேரைத் தானே சொல்றா பாரு!" ஆயாவுக்கு ஊரில் பெயரே இல்லை, இன்னார் சம்சாரம்தான்.

செருப்புச் சத்தம் கேட்டதும் முள்ளைப் பழைய இடத்துக்கே திருப்பி வைப்பாள். வால்வு செட்டு ஆறுவதற்கு நேரமாகும். தாத்தா அதைத் தொட்டுப் பார்த்தாரா என்று அவள் சொன்னதில்லை.