ராஜாவுக்கு அடுத்து யார்? தாய்லாந்தில் வெளிநாட்டவர் மதிக்கும் மனிதர்கள்

தாய்லாந்தில் சில வருடங்கள் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் யாரிடமாவது, “இந்த ஊர்க்காரர்களில் நீங்கள் ரொம்பவும் மதிக்கிற ஆள் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வருகிற பெயர் மறைந்த மன்னர் பூமிபோல் அதுல்யதேஜ்தான். 1946 முதல் 2016 வரை 70 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர். வடக்கு மலைக்கிராமங்களில் ஓபியம் பயிரிட்டவர்களைக் காபி, காய்கறி, பழம் என்று திருப்பிவிடும் திட்டத்தை 1969-ல் தொடங்கிவைத்தவர். கையில் வரைபடமும் கழுத்தில் கேமராவுமாக அவர் நிற்கும் படம் நாடு முழுக்க வீடுகளிலும் கடைகளிலும் தொங்கும்.

ஆனால், அரச குடும்பத்தை அவமதித்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை என்று சட்டம் இருக்கிற நாடு அது. அந்தப் பதிலில் மரியாதை எவ்வளவு, ஜாக்கிரதை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால், “சரி, ராஜாவுக்கு அடுத்து யார்?” என்று இன்னொரு கேள்வியும் போடவேண்டும். சுவாரஸ்யமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன் இந்த வெளிநாட்டவர்களின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்க விரும்புகிறவருக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், பேங்கில் 8 லட்சம் பாட்டோ, இல்லை போதிய மாத வருமானமோ இருக்க வேண்டும். எத்தனை வருடம் இருந்தாலும் 90 நாளைக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்கு, ‘இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டும். நிலத்தைச் சொந்தப் பெயரில் வாங்க முடியாது. தேசியப் பூங்காவுக்குப் போனால் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், இவர்களுக்குப் பல மடங்கு. இருபது வருடம் ஆனாலும் விருந்தாளிதான். ஆகவே இவர்கள் கூடும் இடங்களில் புலம்பலுக்குப் பஞ்சமே இருக்காது. அந்தப் புலம்பலுக்கு நடுவிலும் ஒருவர் பெயரைச் சொன்னதும் குரல் தணிகிறது என்றால், அதில் விஷயம் இருக்கிறது.

பாங்காக்கில் பணக்கார வெளிநாட்டவர்கள் வசிக்கும் பகுதி சுகும்வித். ஜப்பானியக் குடும்பங்கள் கூட்டமாக வாழ்வதும் அங்கேதான். அந்த அடுக்குமாடிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், துறைமுகத்தை ஒட்டி, க்லோங் தோய் என்ற பெரிய குடிசைப்பகுதி. அங்கே 1952-ல் பிறந்தவர் பிரதீப் உங்சொங்தாம். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிடாதீர்கள், பெண்மணி. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அரசுப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. சின்ன வயதிலேயே பட்டாசு கட்டும் வேலை, துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுரண்டும் வேலை. அதில் சேர்த்த காசில் இரவுப் பள்ளியில் படித்தார். பதினாறு வயதுவாக்கில், தன்னைப்போலவே சான்றிதழ் இல்லாத குழந்தைகளைக் கூட்டி வைத்துத் தன் வீட்டிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். கட்டணம் ஒரு நாளைக்கு ஒரு பாட். ‘ஒரு பாட் பள்ளி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. துறைமுக நிர்வாகம் இடத்தைக் காலி செய்யச் சொன்னபோது குடிசைவாசிகளோடு சேர்ந்து போராடினார். 1978-ல் மகசேசே விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயதுதான். விருதுப் பணத்தை அப்படியே போட்டு ‘துவாங் பிரதீப்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னாளில் செனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுகும்வித்தின் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அவர்மேல் இத்தனை மதிப்பு ஏன்? என் கணிப்பு இது. பால்கனியில் நின்று பார்த்தால் அந்தத் தகரக் கூரைகள் தெரிகின்றன. பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடலாம். அந்தக் கூரைகளுக்குக் கீழிருந்தே ஒருத்தி கிளம்பி வந்து பள்ளிக்கூடம் கட்டியபிறகு, அப்படி இழுத்துவிடுவது சுலபமில்லை.

அதே சுகும்வித்தில், 12-வது சந்தில், ‘கேபேஜஸ் அண்ட் காண்டம்ஸ்’ என்றொரு உணவகம். புதிதாக வருகிறவர்களைப் பழையவர்கள் குறும்பாக அழைத்துப்போகும் இடம். ‘முட்டைக்கோஸ் மாதிரி ஆணுறையும் எல்லாக் கடையிலும் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும்’ என்பதுதான் பெயரின் பொருள். தொடங்கியவர் மீச்சாய் வீரவைத்யா. குடும்பக் கட்டுப்பாட்டை ஊர் ஊராகச் சிரித்துச் சிரித்தே பரப்பினார், பிறகு எய்ட்ஸ் வந்தபோது மறைக்காமல் பேசவைத்தார். தாய்லாந்தில் ஆணுறைக்கே ‘மீச்சாய்’ என்று பேர் வந்துவிட்டது; மனிதர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்! 1994-ல் இவருக்கும் மகசேசே. புரிராம் மாகாணத்தில் அவர் நடத்தும் பள்ளியில் பெற்றோர் பணமாகக் கட்டணம் கட்டுவதில்லை. மரக்கன்று நட வேண்டும், ஊர் வேலை செய்ய வேண்டும்.

சுனாமி சமயத்தில் அங்கே இருந்தவர்கள் சொல்லும் பெயர் வேறு. 2004 டிசம்பர் 26-ல் தாய்லாந்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டவர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்தவர்கள். கவோ லாக் பகுதியில் கிடைத்த உடல்களை தகுவா பாவில் உள்ள வாட் யான் யாவ் என்ற பௌத்தக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கொளுத்தும் வெயிலில், உலர்பனிக்கட்டிகளின் புகைக்கு நடுவே, அடையாளம் காணும் வேலையைத் தொடங்கி நடத்தியவர் தடயவியல் மருத்துவர் போர்ன்திப் ரோஜனசுனன். சாயம் பூசிக் குத்திட்டு நிற்கும் தலைமுடி, விதவிதமான உடை. பார்த்தால் ராக் இசைப் பாடகி மாதிரி இருப்பார். ஐரோப்பாவிலிருந்து மகனைத் தேடி, மனைவியைத் தேடி வந்தவர்களுக்கு, கோயில் வாசலில் நின்ற அந்த உருவம் மறக்கவே மறக்காது. பிற்காலத்தில் வேறு சில விவகாரங்களில் அவர்மேல் கடுமையான விமர்சனம் எழுந்தது உண்மை. அது அந்தக் கோயில் முற்றத்து நாட்களை அழித்துவிடவில்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. உடுத்தியிருந்த நீச்சலுடையோடு, பாஸ்போர்ட்கூட இல்லாமல் மேட்டில் ஏறி நின்றவர்களுக்குச் சட்டையும் சோறும் கொடுத்தவர்களில் பலர், சொந்த வீட்டை இழந்திருந்த உள்ளூர்க்காரர்கள். இதற்குத் தாய் மொழியில் ஓர் அழகான சொல் இருக்கிறது, ‘நாம் ஜை’. ‘நாம்’ என்றால் நீர், ‘ஜை’ என்றால் நெஞ்சு. மொழிபெயர்க்க நாம் சிரமப்படவே வேண்டாம். ‘நெஞ்சில் ஈரம்’ என்று நம் பாட்டிமார் சொல்வது அதேதான்.

வடகிழக்கில் ஈசான் என்று ஒரு பகுதி. நெல் விளையும், மழை பொய்க்கும், இளைஞர்கள் பாங்காக்குக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே மாப்பிள்ளையாகப் போய்ச் செட்டிலான ‘ஃபராங்’குகள், அதாவது வெள்ளைக்காரர்கள், ஏராளம். அவர்களிடம் கேட்டால் பிரபலங்களின் பெயரே வராது. முதல் மரியாதை ‘மே யாய்’க்கு, அதாவது மாமியாருக்கு! விடியற்காலையில் ஒட்டரிசி வேகவைத்து, பிட்சைக்கு வரும் துறவிகளுக்கு இட்டபிறகே வீட்டு வேலையைத் தொடங்கும் மனுஷி.

அந்த ஒட்டரிசிக்கு ஒரு உபகதை உண்டு. உபோன் நகரத்துக்குப் பக்கத்தில், பூங் வாய் என்ற கிராமத்தையொட்டிய காட்டில், 1975-ல் ஆஜான் சா என்ற துறவி ஒரு மடம் அமைத்தார். வாட் பா நானாசாத் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து துறவு பூணுகிறவர்களுக்காகவே ஏற்பட்ட மடம். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படித்துவிட்டு மொட்டை அடித்துக்கொண்டு வந்த இளைஞர்களுக்கு அன்று முதல் இன்று வரை அந்தச் சாப்பாட்டைப் போடுவது சுற்றுக் கிராமத்து விவசாயிகள். ஆஜான் சாவின் பேச்சு இன்று பல மொழிகளில் புத்தகமாகக் கிடைக்கிறது. சோறு போட்டவர்கள் பெயர் எந்தப் புத்தகத்து அட்டையிலும் இல்லை.

கிராமத்துப் பெண்களைப் பற்றிப் பேசும்போது, சுகாதாரத் தன்னார்வலர்களை விட்டுவிடக் கூடாது. நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மாதம் ஒரு சிறு தொகைதான் அரசு தருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, டெங்கு கொசு வளராமல் தொட்டியைப் பார்ப்பது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை எட்டிப் பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். 2020-ல் கொரோனா வந்தபோது வெப்பமானியும் நோட்டுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பாஷை தெரியாத, தனியாக வாழும் வெள்ளைக்காரத் தாத்தா வீட்டு வாசலிலும்தான் நின்றார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க விசாவா முக்கியம்?

மேற்கே காஞ்சனபுரிக்கு வந்தால் கதை நம் பக்கமும் திரும்புகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை, நம்மவர் ‘சயாம் மரண ரயில்’ என்று சொல்வது, இந்த வழியாகத்தான் போயிற்று. 1942–43-ல் 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள். 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். பசி, மலேரியா, காலரா, சீதபேதி.

ஊரில் அப்போது பூன்பொங் சிரிவேஜ்ஜபந்து என்று ஒரு வியாபாரி. முகாம்களின் உணவுக் கடைகளுக்கு முட்டை, காய்கறி சப்ளை செய்யும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. படகில் சரக்கு ஏற்றிக்கொண்டு குவாய் ஆற்றில் மேலே போவார். சரக்குக்கு அடியில் மருந்து, பணம், ரேடியோவுக்கு பேட்டரி. பாங்காக்கில் ரகசியமாகத் திரட்டப்பட்டவையும் அவர் கை வழியாகவே முகாமுக்குள் போயின. ஜப்பானிய ராணுவப் போலீஸ் ஒருமுறை மூட்டையைப் பிரித்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். போர் முடிந்தபின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. முகாமில் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ‘வியரி’ டன்லப் பெயரையும் பூன்பொங் பெயரையும் சேர்த்து ஒரு உதவித்தொகை ஏற்படுத்தி, தாய்லாந்து மருத்துவர்களை ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற வைக்கிறார்கள்.

அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். கைதிகளுடன் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்து வந்தால் வாங்கிப் பயன்படுத்த ஆள் இருந்தது, டைரி எழுத ஆள் இருந்தது. பூன்பொங் நமக்குத் தெரியவந்ததே அவர்கள் எழுதிவைத்ததால். தோட்டத் தொழிலாளிக்கு அது எதுவும் இல்லை. காலராவில் துடித்த ஒரு தமிழனுக்கு எந்தத் தாய்லாந்துக்காரராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருக்கலாம். அந்தப் பெயரை எழுதிவைக்க யாரும் இல்லை.

பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரிக்குக் காலையில் ஒரு ரயில், மதியம் ஒரு ரயில். ஏறக்குறைய மூன்று மணி நேரம். இறங்கினால் நடக்கும் தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், வரிசை பிசகாத பெயர்ப்பலகைகள். தோட்டத் தொழிலாளர்கள் அந்த வரிசையில் இல்லை. எல்லோரும் அங்கிருந்து நேரே பாலத்துக்குப் போய் செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் ஆற்றோரத்துப் பாக் பிரேக் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று பூன்பொங்கின் கடை.