ரான்ஃப்ற் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

லுசேர்னிலிருந்து புகையிரதத்தில் சாக்செல்ன். அங்கிருந்து மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் மலையேறினால் ஃபுளூவெலி என்ற சிறு கிராமம். யாத்திரை என்றால் எங்கள் குடும்பத்துக்கு ஐன்சீடல்ன் அல்லது மரியஸ்ரைன் மாதாதான். இம்முறை இங்கே வரவேண்டுமென்று கேட்டவள் என் மூத்த மகள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள், “அம்மா, நான் கன்னியர்மடத்தில சேரலாமோ எண்டு யோசிக்கிறன்” என்றாள். தாதியர் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளை. அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். எல்லாவற்றையும் விட்டு இந்நாட்டுக்கு ஓடிவந்தது இவளுக்காகத்தானே என்று மனம் கொதித்தது.

ஃபுளூவெலி, சுவிஸின் பாதுகாவலரான புனித நிக்லாசின் ஊர். ‘புறூடர் கிளவுஸ்’ என்றால் இங்கு எல்லோருக்கும் தெரியும். 1417இல் பிறந்தவர். கமக்காரர், போர்வீரர், ஊர்ச்சபை உறுப்பினர், நீதிபதி. மனைவி டொறொத்தேயா, பிள்ளைகள் பத்துப்பேர். அவர்கள் வாழ்ந்த மரவீடு இன்றும் நிற்கிறது. 1467 ஒக்ரோபர் 16ஆம் திகதி அவர் இறைவன் அழைக்கிறார் என்று அவ்வீட்டைவிட்டு இறங்கினார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை.

அந்த வீட்டில் நின்றபோது எனக்குப் பக்தி வரவில்லை, கோபமே வந்தது. ஆனால் அவர் சொல்லாமல் ஓடிப்போகவில்லை. நெடுநாள் மனப்போராட்டத்தின் பின், மனைவியின் சம்மதம் பெற்றே போனார்.

தூரதேசம் போவதே தன் அழைத்தல் என்றுதான் முதலில் நினைத்தார். அல்சாஸ் பக்கமாக நடந்து லீஸ்ரால் வரை போனார். அங்கே ஒரு விவசாயி, “சுவிஸ்காரரை வெளியிடங்களில் விரும்பமாட்டார்கள், உன் சனங்களிடம் திரும்பிப்போய்க் கடவுளுக்கு ஊழியம் செய்” என்ற கருத்தில் புத்தி சொன்னாராம். அகதியாய் வந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

திரும்பி வந்தவர் தங்கிய இடம், வீட்டிலிருந்து சில நிமிடங்கள் இறங்கினால் வரும் ரான்ஃப்ற். கீழே மெல்கா ஆறு இரைந்து ஓடுகிறது. 1468இல் ஊரவர்கள் அவருக்கு ஒரு சிற்றாலயமும் அதனோடு ஒட்டிய அறையும் கட்டிக்கொடுத்தார்கள். தாழ்ந்த கூரை. பீடத்தைப் பார்க்க ஒரு யன்னல், ஆலோசனை தேடி வருபவர்களைப் பார்க்க இன்னொன்று. 1487இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1481இல் சுவிஸ் மாநிலங்கள் பிளவுபடும் நிலை வந்தபோது, ஸ்ரான்ஸ் பங்குக்குரு இரவோடிரவாக ஓடிவந்து அவரது ஆலோசனையைப் பெற்றுச்சென்றார். அதன்பின் டிசம்பர் 22இல் உடன்பாடு கண்டார்கள். 1947இல் திருச்சபை இவரைப் புனிதராக்கியது.

வெளியே வாங்கில் இருந்தபோது மகளிடம் கேட்டேன்: “டொறொத்தேயா மாட்டன் எண்டு சொல்லியிருந்தால்?”

“தெரியாதம்மா. ஆனா அவர் கேட்டவர்தானே. நானும் அதுக்குத்தான் உங்களிட்டைக் கேக்கிறன்.”

நான் ஓம் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “ஒரு வருஷம் பொறு. வேலையைச் செய், செபி. சுவாமியோடையும் கதை. அதுக்குப் பிறகும் உன்ர மனம் இப்பிடியே அமைதியா இருந்தால் வந்து சொல்லு” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இறங்குவது சுகம், திரும்பி ஏறுவது செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்கள் ஆறுதலாக ஏறுங்கள். என்னை மகள்தான் பிடித்து ஏற்றினாள்.