என் பேரில் இருந்த கடன்

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு பீடி ஏஜென்ட்டிடம் நைனா வாங்கிய இரண்டாயிரம் ரூபாய்க்கு என்னை வேலைக்கு விட்டிருந்தார்கள். அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய பணம். அவள் எழுந்து நடமாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் ‘என்னாலதான்’ என்று எனக்குள் ஒரு கர்வம். ஒன்பது வயசுக்கு அது பெரிய கர்வம்.

பெரியவர்கள் இலையைச் சுருட்டி நூல் கட்டித் தள்ளுவார்கள். பீடியின் வாயை மடித்து மூடுவது எங்கள் வேலை. சின்ன விரலுக்குத்தான் அது வேகமாக வரும். பராக்குப் பார்க்கக் கூடாதென்று மோவாய்க்கும் கழுத்துக்கும் நடுவே தீப்பெட்டியைச் செருகிவிடுவார்கள். விழுந்தால் அடி. ராத்திரி சோறு பிசைந்தால் சோற்றிலும் புகையிலை நெடி. அரைகுறைக் கூலி கைக்கு வரும், அசல் மட்டும் குறையாது. மொத்தத்தையும் ஒரே தடவையில் வைத்தால்தான் பிள்ளையை விடுவார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நான் பிறப்பதற்கு முன்பே, 1976இல் வந்துவிட்டது. அதன்படி இந்த மாதிரிக் கடன் செல்லாது. வந்தவர்கள் இதை விளக்கினார்கள். நைனா தலையை ஆட்டினார், என்னை அனுப்பவில்லை. கடன் ரத்தாகட்டும், நாளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் யாரிடம் கை நீட்டுவது? அந்த ஏஜென்ட்டை விட்டால் ஆளில்லை. நைனாவின் கணக்கில் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அம்மா மகளிர் குழுவில் சேர்ந்து, அங்கே கடன் கிடைக்கும் என்றான பிறகுதான் என்னை விட்டார்.

அப்போது எங்கள் பக்கத்தில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. மதியச் சோறு உண்டு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை உண்டு. என்னை அங்கே இருக்கவைத்தது இவை இரண்டும் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் வயசுக்காரிகள், பீடி வேலையிலிருந்து வந்தவர்கள். ஒண்ணாங்கிளாஸ் பொடிசுகளோடு உட்கார வைத்திருந்தால் மறுநாளே பீடிக்கே ஓடியிருப்பேன். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல சட்டம். விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரவும் சொல்கிறது. அந்த இடத்தில்தான் பல பள்ளிகளுக்கு மறதி வந்துவிடுகிறது.

நான் ஆசிரியையான புதிதில் மேற்கே நூல் மில்களுக்குப் பெண்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்கலமான பெயர் வேறு. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. எங்கள் காலத்தில் பணத்தை முன்னால் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள். இதில் பின்னால் தருவதாகச் சொல்லிக் கட்டிப்போட்டார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்தத் தொகை கிடைக்காது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி பையைக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். “அக்கா கல்யாணத்துக்கு நான்தான் டீச்சர் சம்பாரிக்கணும்.” அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. படிப்பின் பெருமையை அவளிடம் பேசியிருந்தால் காதில் ஏறியிருக்காது. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம், கல்யாணத்துக்கு யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொல்ல, குழுவில் எவ்வளவு கிடைக்கும், நகைச் செலவில் எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தோம். பிள்ளையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ போய்ப் படி, இது எங்க கணக்கு” என்று அவள் அம்மாவே விரட்டினாள்.