மூச்சு முட்டிய எஞ்சின்



அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது பானையின் மூடி ஏன் துள்ளுகிறது என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆவி வெளியேற வழி தேடுகிறது. மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? அப்படியொரு குழவியைத்தான் நான் ஒரு முறை வைத்தேன். பானையின் மீதன்று, ஒரு பழைய வண்டியின் எஞ்சின் மீது. பட்டறைச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

2011ஆம் ஆண்டு ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை மேஸ்திரி கீழக்கரைக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் அனைவரும் அவரைக் காக்கா என்றே அழைப்போம். ஒரு நாள் முதிய அரபுப் பெரியவர் ஒருவர், தம் தந்தையார் வைத்திருந்த 1957ஆம் ஆண்டுச் செவர்லே 3100 சிறு டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். கொள்ளளவு 235 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர். எஞ்சின் தையல் இயந்திரத்தைப் போல் ஓடியது. அவருடைய குறை வேறு. “வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் உள்ளே எண்ணெய் வாடை அடிக்கிறது. பேரன் என்னுடன் வரத் துடிக்கிறான். ஏறிய சற்று நேரத்தில் அவனுக்குத் தலை வலிக்கிறது” என்றார்.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது? பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் சிறிதளவு அவற்றைத் தாண்டிக் கீழே கசியவே செய்யும். அது சென்று சேருமிடம் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டி. அந்த வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கிறது, நச்சு வாயு இருக்கிறது, நீராவியும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சியதில் சிறு பங்கு கீழே இறங்கி, குளிர்ந்து, எண்ணெயுடன் கலந்து, வெண்ணெய் திரண்டது போன்ற மஞ்சள் சேறாகிவிடும்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் இதற்கு எளியதொரு ஏற்பாடு உண்டு. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் வலை பதித்திருப்பார்கள். நல்ல காற்று அதன் வழியே உள்ளே வரும். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கும். அதன் நுனி சாய்வாகச் சீவப்பட்டுப் பின்புறம் பார்த்திருக்கும். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று, அக்குழாயிலிருந்து கெட்ட வாயுவை உறிஞ்சிச் செல்லும். எதிரெதிரே இரண்டு சாளரங்கள் இருந்தால்தானே வீட்டில் காற்றோட்டம்? அதே தத்துவம்தான். ஆனால் வண்டி நின்றுவிட்டால் உறிஞ்சுவதற்கு ஏது காற்று? நெரிசலில் ஊர்ந்து செல்கையில் வாயு தேங்கி, கண்ட வழியில் கசிந்து, ஓட்டுநர் அறைக்குள் நுழைந்துவிடுகிறது.

இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியா. வாடை குழாயிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. காக்கா வேறு வேலையாக வெளியே போயிருந்தார். ஒரு ரப்பர்க் கட்டையைச் சீவிக் குழாயின் வாயில் அடித்து இறுக்கினேன். அதன்பின் மேலே இருந்த வலை மூடியின் வழியே புகை வந்தது. அதையும் எடுத்துவிட்டு, பட்டறையில் கிடந்த துளையற்ற மூடியொன்றைப் பொருத்தினேன். வாடை அறவே நின்றது. பெரியவர் மகிழ்ந்து என் கையில் அன்பளிப்பும் திணித்துவிட்டுப் போனார். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வண்டி திரும்பி வந்தது. நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய்க் குளம். பின்புற சீல் வழியாகவும் பக்கத் தகட்டின் கேஸ்கட் வழியாகவும் எண்ணெய் வழிந்தது. அளவுக்கம்பிகூடத் தன் துளையிலிருந்து மேலெழும்பி நின்றது. பெரியவரின் முகம் வாடியிருந்தது. “வயதாகிவிட்டது. இனி இதை ஓட்டக் கூடாது போலும்” என்றார்.

பட்டறையில் இருந்தவர்கள், “சீல் தேய்ந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டியை இறக்கி மாற்ற வேண்டும்” என்று முடிவு கட்டினார்கள். ஒரு வாரத்து வேலை, கணிசமான கூலி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எஞ்சினில் சீல் தேய்ந்தது என்றால் மறுப்பவர் யார்? வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்று என் மனமும் சொல்லிற்று. ஊரில் தங்கையின் திருமணத்திற்காக வாங்கிய கடன் இருந்தது. வேலை போனால் விசாவும் போகும். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் காலை காக்காவைத் தனியே அழைத்துப் போய், குழாயின் வாயிலிருந்த ரப்பர்க் கட்டையைக் காட்டினேன்.

அவர் ஏசவில்லை. கட்டையைப் பிடுங்கினார். அடைபட்டிருந்த வாயு புஸ்ஸென்று சீறவுமில்லை. அவ்வளவு எண்ணெய் ஏற்கெனவே சீல் வழியே பாதை போட்டிருந்தது. “தம்பி, வாயைப் பொத்தினால் மூக்கால் விடும், மூக்கையும் பொத்தினால் எங்கேயாவது பிய்த்துக்கொண்டுதான் விடும். இதைப் பெரியவரிடம் நீயே சொல்” என்றார்.

சொன்னேன். பெரியவர் நெடுநேரம் என்னையே பார்த்தார். பிறகு, “பேரன் ஏறலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

ஏறலாம் என்று காக்கா உறுதியளித்தார். பழைய குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானே தன் கெட்ட வாயுவை உறிஞ்சி எரித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்வதென்று தீர்மானித்தோம். முதலில் ஆறு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். வளையங்கள் முற்றிலும் தேய்ந்த எஞ்சினுக்கு எந்த ஏற்பாடும் உதவாது என்பது அவர் கட்சி. அளவுகள் ஆறும் நெருக்கமாகவே இருந்தன.

பழைய குழாய் இருந்த துளையில், உட்புறம் தடுப்புத் தகடும் கம்பி வலையும் வைத்த ஒரு மூடியைப் பொருத்தினோம். எண்ணெய்த் துளிகள் வாயுவோடு சேர்ந்து வந்துவிடாமல் இருக்கவே இந்தத் தடுப்பு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, பக்கவாட்டில் முனையுள்ள தடித்த அலுமினியத் தகடு ஒன்றை வைத்தோம். வாயு நட்டநடுவில் நுழைந்தால்தான் ஆறு சிலிண்டர்களுக்கும் ஒரே சீராகப் பங்கு கிடைக்கும். மேனிஃபோல்டின் ஒரு கோடியில் நுழைத்தால் அந்தக் கோடியிலுள்ள சிலிண்டரின் கலவை மட்டும் கெடும். தகட்டின் கனத்தால் கார்புரேட்டர் சற்று உயர்ந்தது. ஆக்ஸிலேட்டர் கம்பியையும் அதற்கேற்ப நீட்டினோம்.

“இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்தால் போதாதா? நடுவில் வால்வு எதற்கு?” என்று கேட்டேன். காக்கா சிரித்துக்கொண்டே, “இணைத்துப் பார்” என்றார். இணைத்தேன். எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. ஸ்லோவில் ஓடும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிகக் கடுமையாக இருக்கும். அளவில்லாத காற்றை இழுத்துக் கலவையை நீர்க்கச் செய்துவிடும். வால்வுக்குள் ஸ்பிரிங்கால் தாங்கப்பட்ட சிறிய பிளஞ்சர் இருக்கிறது. உறிஞ்சல் கடுமையாகும்போது அது வழியைக் குறுக்குகிறது; வண்டி சீராக ஓடி உறிஞ்சல் தணியும்போது வழியை அகலத் திறக்கிறது. கார்புரேட்டர் பக்கம் தீ எதிர்த்து வெடித்தாலோ, பிளஞ்சர் பின்னே போய் முற்றாக மூடிக்கொண்டு, அடிப்பெட்டியிலுள்ள ஆவிக்குத் தீ பரவாமல் காக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள், விலையும் சொற்பம்! ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள எஞ்சினுக்கு உரிய வால்வாகப் பார்த்து வாங்க வேண்டும். திசை மாற்றிப் பொருத்தினால் பயனில்லை. ஹோஸும் எண்ணெயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஊறித் தளர்ந்து, உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டுவிடும்.

நல்ல காற்று வர வலை மூடிக்குப் பதிலாக, ஏர் பில்டரின் உட்புறத்திலிருந்து எண்ணெய் வாய்க்கு ஒரு குழாய் போட்டோம். முழு வேகத்தில் மிதிக்கும்போது வால்வு வழியே போக மாட்டாத வாயு இக்குழாயில் பின்னோக்கி வந்து, பில்டருக்குள் சேர்ந்து, மீண்டும் எஞ்சினுக்கே இரையாகிவிடும். ஓட்டுநர் அறைப் பக்கம் அதற்கு வேலையில்லை.

இஃதொன்றும் காக்காவின் புதுக் கண்டுபிடிப்பன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆழமான நீரைக் கடக்க வேண்டிய இராணுவ வண்டிகளில் திறந்த குழாய் வழியே தண்ணீர் புகாதிருக்க இத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டதுண்டு. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, கார்கள் வெளியிடும் எரியாத பெட்ரோல் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த அடிப்பெட்டியிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதிலும் இந்த வால்வு இடம்பெற்றது.

எண்ணெயை மாற்றி, பிதுங்கிய கேஸ்கட்டையும் மாற்றி, கார்புரேட்டரின் ஸ்லோ திருகைச் சரிசெய்தபின் காக்கா ஒரு சோதனை செய்தார். ஸ்லோவில் ஓடும் எஞ்சினின் எண்ணெய் வாயைத் திறந்து, அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். முன்பாக இருந்தால் புகை அதைத் தூக்கி எறிந்திருக்கும். இப்போதோ காகிதம் மெல்லப் படிந்து, உள்நோக்கிக் குழிந்து ஒட்டிக்கொண்டது. பின்புற சீலை நாங்கள் தொடவேயில்லை. அழுத்தம் நீங்கியதும் பத்து நாட்களில் கசிவு, சொட்டு விழுவதும் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

கேஸ்கட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆன செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமாறு நானே கேட்டுக்கொண்டேன்; பிடித்தும்விட்டார்கள். பெரியவர் முன்பு தந்த அன்பளிப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, அவர் அதை வாங்கித் தம் பேரனின் சட்டைப்பையில் போட்டார். அந்தச் சிறுவன் முன்னிருக்கையில் முழந்தாளிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

நான் ஊர் திரும்பும் வரை ஆண்டுதோறும் அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. வந்தவுடன் வால்வைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குவேன். உள்ளே பிளஞ்சர் சேற்றில் ஒட்டாமல் அசைந்தால் ஓசை கேட்கும். கடைசியாகக் குலுக்கியபோதும் கடகடவென்று கேட்டது.